680 சதுர அடி வீடு, தீபாவளிக்கு 22 பேர்: ஆட்களை எங்கே வைப்பது?

மூன்றாம் மாடி

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு ஹால், ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே வரவேண்டிய குசினி, குளியலறை ஒன்றே ஒன்று. பத்திரத்தில் 680 சதுர அடி என்று போட்டிருக்கிறது, பால்கனியையும் சுவரையும் சேர்த்துத்தான் அளந்திருப்பார்கள் என்று என் சந்தேகம்.

என் கணவர் வீட்டில் தீபாவளிச் சாப்பாடு எப்போதும் பெரிய மச்சாள் வீட்டில்தான். தெஹிவளையில் முற்றமும் மாமரமும் உள்ள வீடு, எத்தனை பேர் வந்தாலும் தெரியாது. அவர்கள் அதை விற்றுவிட்டு மகனிடம் கனடாவுக்குப் போய்விட்டார்கள். இனிமேல் வருஷத்துக்கு ஒரு வீடு என்று பேசி முடித்தார்கள், முதல் முறை எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 22 பேர். அதில் ஐந்து பேர் யாழ்ப்பாணத்திலிருந்து முதல்நாள் இரவு பஸ் ஏறி விடியப்புறம் நாலரை மணிக்கு வந்து இறங்குவார்கள். அதாவது எண்ணெய் முழுக்கும் எங்கள் வீட்டில்தான், அந்த ஒரே குளியலறையில்.

மாமி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எங்கே உட்காருவது மாமி என்று கேட்டால், "மனம் இருந்தால் புளியிலையிலும் இரண்டு பேர் படுக்கலாம்" என்கிறார். மனம் இருக்கிறது. கதிரை எட்டுத்தான் இருக்கிறது.

சமையல் குறிப்பு வேண்டாம், அது எனக்குத் தெரியும். இந்தச் சின்ன வீட்டில் இத்தனை பேரை எப்படி வைத்துச் சமாளித்தீர்கள் என்று செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கொழும்பு 13

தங்கச்சி, முதலில் அந்த 22ஐ மறந்துவிடுங்கள். ஒரே நேரத்தில் வீட்டுக்குள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் பழைய வீடு ஒன்றில் இருக்கிறோம், முன்னால் ஒரு ஹால், பின்னால் ஒரு அறை, அவ்வளவுதான். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருவோர் அறுபது பேருக்குக் குறையாது. நள்ளிரவுப் பூசை முடிந்த கையோடு ஒரு கூட்டம் வரும், கேக் ஒரு துண்டு, வைன் ஒரு வாய், கதை, போய்விடுவார்கள். விடிந்ததும் அடுத்த கூட்டம். பத்து மணிக்கு மேல் அலுவலக நண்பர்கள், அவர்களில் பாதிப் பேர் சைவர்களும் முஸ்லிம்களும், அவர்களுக்கென்று தனியாகப் பலகாரம். ஒருவர் எழும்பினால்தான் மற்றவர் உட்காரலாம் என்பது வருகிறவர்களுக்கே தெரியும், அதனால் யாரும் ஒட்டிக்கொண்டு இருக்க மாட்டார்கள்.

அதனால் எல்லாருக்கும் ஒரே நேரம் சொல்லாதீர்கள். ஒரு குடும்பத்துக்குப் பதினொன்றரை என்றால் மற்றக் குடும்பத்துக்கு ஒன்றரை. எங்கள் ஆட்கள் எப்படியும் ஒரு மணி நேரம் பிந்தித்தான் வருவார்கள், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சோற்றையும் தண்ணீரையும் ஒரே மேசையில் வைக்க வேண்டாம். வைத்தால் அத்தனை பேரும் அங்கேயே நின்று கதைப்பார்கள், பின்னால் வருகிறவர் கோப்பையும் கையுமாக நிற்பார். சாப்பாட்டு மேசையை அறைக்குள் தள்ளிவிட்டு, தண்ணீரையும் சோடாவையும் வாசலோரம் வையுங்கள்.

கொழும்பு 6

எதற்கு இந்தப் பாடு? ஒரு மண்டபமோ ஹோட்டலில் ஒரு பஃபேயோ எடுத்தால் முடிந்தது. இரண்டு நாள் சமைத்து, ஒரு நாள் கழுவி, அடுத்த நாள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை. காசு எல்லா வீட்டாரும் பிரித்துப் போடட்டும். என் வீட்டில் மூன்று வருஷமாக அப்படித்தான், யாரும் குறை சொன்னதில்லை.

மூன்றாம் மாடி

அண்ணா, காசு ஒரு பக்கம். ஹோட்டல் என்று வாய் திறந்தேன், "அப்ப உன் வீட்டுக்கு நாங்கள் வரக்கூடாதோ" என்று மாமி கேட்டுவிட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

கொழும்பு 13 அண்ணை, நேரம் பிரிக்கிற யோசனை நல்லது, ஆனால் மாமிக்கு எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டும். அதுதான் சிக்கல்.

தெஹிவளை அம்மம்மா

பிள்ளை, இதில் புதிதாக என்ன இருக்கிறது? ஊரில் பந்தி வைக்கவில்லையா? கல்யாண வீட்டில் ஐந்நூறு பேரும் ஒரே நேரத்திலா உட்கார்ந்தார்கள்? விறாந்தையில் பாயை விரித்து முப்பது இலை போடுவோம், முடிய எடுத்து அடுத்த முப்பது. அதை யாரும் மரியாதைக் குறைவு என்று சொன்னதில்லை. ஒன்றாகச் சாப்பிடுவது என்பது ஒரே அடுப்புச் சோற்றைச் சாப்பிடுவது, ஒரே நிமிஷத்தில் வாயில் வைப்பது இல்லை. உன் மாமியும் பந்தி பார்த்து வளர்ந்தவர்தான். "நேரம் பிரிக்கிறோம்" என்று சொன்னால் கோபம் வரும். "பந்தி வைக்கிறோம் மாமி, முதல் பந்தி உங்களுடையது" என்று சொல்லிப் பார்.

அன்றைக்கு இறைச்சி சமைப்பீர்களா? எங்கள் ஊரில் தீபாவளி என்றால் நாலைந்து வீடு சேர்ந்து கிடாய் அடித்துப் பங்கு போடுவதுதான். இங்கே கடையில் நிறுத்து வாங்குகிறோம், ஆனாலும் பங்கிறைச்சி என்றுதான் வாயில் வருகிறது. வயதானவர்கள் பலர் அன்றைக்கு மச்சம் தொடமாட்டார்கள். அதனால் சைவக்காரரை முதல் பந்தியில் இருத்திவிடு, அவர்கள் எழும்பியபிறகு இறைச்சிச் சட்டியைத் திற. வாசம் என்று யாரும் முகம் சுளிக்க இடமில்லை, ஆட்களும் தானாகவே பிரிந்துவிடும்.

சமையல் குறிப்பு வேண்டாம் என்றாய், ஆனாலும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. இறைச்சிக் கறியை முதல்நாளே வை, அடுத்த நாள்தான் அதற்கு ருசி. புளி விட்டவையும் நிற்கும். பால் விட்ட சொதியை மட்டும் அன்று காலையில் வை. கொழும்பு வெக்கைக்கு இரவு வைத்த சொதி விடிய நுரைத்துவிடும்.

சாப்பாட்டுக் கோப்பைக்கு வாழையிலையை வட்டமாக வெட்டி மேலே போட்டுவிடு. சாப்பிட்டு முடிய இலையை எடுத்து எறிந்தால் கோப்பையைத் துடைத்து அடுத்த பந்திக்குக் கொடுக்கலாம், 22 கோப்பை வேண்டியதில்லை, பத்து போதும். பிளாஸ்டிக் கோப்பை தேடி அலையாதே, 2023 ஒக்டோபர் 1ஆம் திகதியோடு அதற்கெல்லாம் தடை வந்துவிட்டது. இடியப்பத் தட்டு கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது, நான் இன்னும் பழைய பிரம்புத் தட்டுத்தான் வைத்திருக்கிறேன். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்ததைப் பார்த்தபிறகு பெருநாள் குப்பை என்றாலே எனக்கு ஒரு மாதிரித்தான்.

பெரிய சட்டி வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது. ஆள் அனுப்பினால் தருவேன்.

எப்பவும் கடைசிப் பந்தி

பந்தி பந்தி என்று எல்லாரும் சந்தோஷப்படுகிறீர்கள், சரி. முதல் பந்தியில் யார், கடைசிப் பந்தியில் யார்? அதையும் சொல்லுங்களேன். நான் கல்யாணம் கட்டிப் பன்னிரண்டு வருஷம். முதலில் பெரியவர்கள், பிறகு பிள்ளைகள், பிறகு ஆண்கள், அவர்கள் எழும்பி ஹாலில் கிரிக்கெட் போட்டுவிட்டுச் சாய்ந்தபிறகு மூன்று மணிக்கு நாங்கள் நாலு பேர் குசினியில் நின்றபடி சாப்பிடுவோம். சட்டியில் குழம்பு இருக்கும், கறி இருக்காது. அப்பளம் நமுத்திருக்கும். "ஏன் இன்னும் சாப்பிடவில்லை?" என்று யாராவது ஒருவர் அப்போது வந்து கேட்பார் பாருங்கள், அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு எரிச்சல் வரும்.

பெரிய வீட்டில் இது மறைந்துபோகும். சின்ன வீட்டில் எல்லார் கண்ணுக்கும் தெரியும், தெரிந்தும் நடக்கும்.

கொழும்பு 13

அது சில வீடுகளில் இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை, நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் வேலை செய்வோம்.

எப்பவும் கடைசிப் பந்தி

அண்ணை, போன கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? உங்கள் மனைவி எத்தனை மணிக்கு?

கொழும்பு 13

ஒரு மணி.

மனைவியிடம் கேட்டேன். "ஞாபகம் இல்லை, நாலு இருக்கும்" என்கிறார். சரி, பேசாமல் இருக்கிறேன்.

கொழும்பு 10

மருதானையிலிருந்து நான். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கந்தூரியோ என்றால் சஹன்தான். கேள்விப்படாதவர்களுக்கு: நிலத்தில் துணி விரித்து, பெரிய வட்டத் தட்டில் சோறும் கறியும் வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். இடம் எவ்வளவு மிச்சம் என்று ஒரு தரம் அளந்து பார்த்திருக்கிறேன், எனக்கு அந்தப் பைத்தியம் உண்டு. ஆறு பேர் சம்மணம் கட்டி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட ஆறடி வட்டம். அதே ஆறு பேருக்கு மேசையும் கதிரையும் போட்டு, கதிரையைப் பின்னால் இழுக்க இடமும் விட்டால் ஹாலில் பாதி போய்விடும்.

நீங்கள் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை அக்கா, எச்சில் பார்க்கிற வீடுகள் இருக்கும், அது அவரவர் வழக்கம். தனித்தனி இலை போடுங்கள், ஆனால் வரிசையாக இல்லாமல் வட்டமாக உட்காருங்கள், சோறு கறியை நடுவில் வையுங்கள். பரிமாற ஆள் குனிந்து நிமிர்ந்து வரிசை நெடுக நடக்க வேண்டியதில்லை, இருக்கிறவர்களே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடைசிப் பந்தி அக்காவின் பிரச்சினையிலும் பாதி தீரும், பரிமாறுகிறவரும் உட்காரலாமே. உங்கள் ஹாலில் சோபாவை எடுத்துவிட்டால் இரண்டு வட்டம் வரும், பன்னிரண்டு பேர். 22 பேர் இரண்டே பந்தி.

முழங்கால் நோகிற பெரியவர்களுக்கு மட்டும் சுவரோரமாகக் கதிரை. அவர்களைக் கட்டிலில் உட்கார வைத்துவிடாதீர்கள், என் வாப்பும்மாவை அப்படி வைத்தோம், "என்னை நோயாளி மாதிரி அறைக்குள் போட்டுவிட்டு வெளியே சிரிக்கிறீர்கள்" என்று அந்தப் பெருநாள் முழுக்கப் புலம்பினார்.

காம்பரா

நான் மலையகம். இப்போது வேலை காரணமாகக் கொழும்பின் வடக்குப் பக்கம் அரசாங்கத் தொடர்மாடி ஒன்றில், 400 சதுர அடி. மூன்றாம் மாடி அக்காவின் 680ஐப் பார்த்தால் எனக்கு மாளிகை மாதிரித் தெரிகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் பிறந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா. எங்களுக்கு வருஷத்தில் பெரிய நாளே தீபாவளிதான். தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் கொடுப்பார்கள், பிறகு மாசா மாசம் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தக் காசில் துணி, பலகாரச் சாமான், கோழி. அந்தக் காம்பராவுக்குள் மாமன் வீடு, சித்தப்பன் வீடு எல்லாரும் வருவார்கள். எப்படி? யாரும் உள்ளே இருக்க மாட்டோம். லயத்தில் வாசல்தான் ஹால். உள்ளே சமையல், சாமி படம், கைக்குழந்தை. மற்றது எல்லாம் வாசலில். பக்கத்துக் காம்பராவுக்கு வந்த விருந்தாளியும் நம் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார், யார் வீட்டு ஆள் என்று தெரியாமலே வடை கொடுப்போம்.

ஃபிளாட்டுக்கு வந்தபோது அதைத்தான் இழந்தோம். இங்கே கதவைத் திறந்தால் நடைபாதை, எதிரே இன்னொரு கதவு. இரண்டு வருஷம் கதவை மூடிக்கொண்டு தீபாவளி கொண்டாடினோம், மூச்சு முட்டியது. மூன்றாம் வருஷம் அம்மா ஊரிலிருந்து வந்தார், கதவைத் திறந்து வைத்து நடைபாதையில் ஒரு பாயைப் போட்டு முறுக்குச் சுளகோடு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் அம்மாவைச் சுற்றி. இப்போது எங்கள் மாடியில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் கதவுகள் திறந்துதான் இருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். படியை அடைக்கக் கூடாது, படியில் விளக்கும் வைக்கக் கூடாது. 22 பேர் என்றால் 44 செருப்பு, அதை யோசித்தீர்களா? என் மச்சான் செருப்புக் குவியலில் கால் வைத்து அரைப் படி உருண்டான். குடும்பத்துக்கு ஒரு அரிசிப் பையைக் கொடுத்து அதற்குள் போடச் சொல்லுங்கள்.

கொழும்பு 6

மண்டபம் வேண்டாம், சரி. மொட்டைமாடி இருக்குமே? அங்கே இரண்டு மேசை போட்டு, ஒரு கூடாரம் அடித்தால் நாற்பது பேர் கூட இருக்கலாம்.

வயர்மன்

மொட்டைமாடி உங்கள் வீட்டுப் பத்திரத்தில் இல்லை அண்ணா. தொடர்மாடிகளுக்கான 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தொட்டே வீடு தனி, பொதுவான இடங்கள் தனி. கூரை, படி, லிஃப்ட் எல்லாம் எல்லாருக்கும் பொது. மனேஜ்மென்ட் கமிட்டியிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டால்தான் பின்னால் வாய்த்தர்க்கம் வராது. அதைவிடப் பெரிய பிரச்சினை வானம். ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் மத்தியானம் தாண்டினால் இடியோடு கொட்டும், கூடாரம் ஒரு காற்றுக்குத் தாங்காது.

நான் சொல்ல வந்தது வேறு. எல்லாரும் ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், கரண்டை யாரும் யோசிக்கவில்லை. பெருநாள் காலையில் எனக்கு வருகிற போன் எல்லாம் ஒரே மாதிரி: "அண்ணே, கரண்ட் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது." சாதாரண வீட்டு இணைப்பு 30 ஆம்பியர், 230 வோல்ட்டுக்குக் கணக்குப் பார்த்தால் 6900 வாட். குளியலறை ஹீட்டர் 3500, கேத்தல் 2000, ஏசி 1200, ரைஸ் குக்கர் 1000. இந்த நாலையும் சேர்த்துப் போட்டாலே 7700. போதாததற்குப் புது உடுப்புக்கு அயன் வேறு. அக்கா வீட்டில் விடியப்புறம் ஒருவர் பின் ஒருவராக முழுக்கு என்கிறார், அந்த நேரத்தில் குசினியில் கேத்தலும் குக்கரும் ஓடும். குளிக்கிற தண்ணீரை கேஸில் சுடவைத்து வாளியில் கொடுங்கள், அல்லது அந்த நேரம் குக்கரைத் தொடாதீர்கள்.

பழைய கட்டிடம் என்றால் 5 ஆம்பியர் வட்டக் கால் சொக்கட் இருக்கும். அது 1150 வாட்டுக்கு மேல் தாங்காது, அதில் மல்டிபிளக் செருகிக் கேத்தலைப் போட்டால் பிளாஸ்டிக் உருகுகிற வாசம் வரும், எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். ட்ரிப் ஸ்விச் விழுந்தால் எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம், கட்டை வைத்து நிறுத்திப் பிடிக்கிற வேலை வேண்டாம். ஆள் செத்துப்போகும்.

கேஸ் சிலிண்டரை முதல்நாளே தூக்கிப் பாருங்கள். பெருநாள் அன்று கடை பூட்டு.

நாலு வீடு ஒரு அடுப்பு

காம்பரா தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு 2022 ஞாபகம் வந்துவிட்டது. பம்பலப்பிட்டியில் எங்கள் மாடியில் நாலு வீடு. அதற்கு முன்னால் ஏழு வருஷம் லிஃப்ட்டில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். அந்த வருஷம் மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள், கேஸுக்குச் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு வீதியில் நின்றோம். ஊர் என்றால் மூன்று கல்லை வைத்து விறகு எரிக்கலாம், ஐந்தாம் மாடியில் எங்கே எரிப்பது? சித்திரைப் புத்தாண்டு வந்தபோது நாலு வீட்டிலும் சேர்த்துக் கேஸ் இருந்தது ஒரே ஒரு சிலிண்டர், அதுவும் அரைவாசி. கடைசி வீட்டு சிங்கள நோனாவுடையது. அவர் தன் குசினியைத் திறந்துவிட்டார். முதலில் அவருடைய பால் பொங்கியது, பிறகு எங்கள் பொங்கல், பிறகு மற்ற இரண்டு வீட்டுச் சோறும் பருப்பும். ஒரே அடுப்பு அணையாமல் காலை முழுக்க எரிந்தது.

இப்போது கேஸ் இருக்கிறது, ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை. யார் வீட்டில் விருந்தோ, மற்ற மூன்று வீட்டுக் குசினியும் அவர்களுக்கு. ஒரு வீட்டில் சோறு வேகும், ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டி காலி பண்ணித் தருவார்கள், ஒரு வீட்டில் குளியலறை. ஆமாம், குளியலறை! மூன்றாம் மாடித் தங்கச்சி, உங்கள் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள்? கேட்டுப் பாருங்களேன். கேட்க வெட்கம் என்றால் முதலில் ஒரு தட்டுப் பயித்தம் பணியாரத்தோடு போங்கள்.

மூன்றாம் மாடி

எல்லாருக்கும் நன்றி, தீபாவளி முடிந்து மூன்று நாள், இப்போதுதான் உட்காருகிறேன். என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் சரியில்லை.

பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் மாமி இறங்கிவிட்டார். அம்மம்மா சொன்னதை அப்படியே சொன்னேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "அப்ப சைவப் பந்தி முதல், நான் பரிமாறுகிறேன்" என்றார். பரிமாற வேண்டாம், உட்காருங்கள் என்று சொல்லவே பத்து நிமிஷம் போனது.

எதிர்வீட்டில் ஒரு வயதான சிங்களத் தம்பதி, சித்திரைக்குக் கொக்கிஸும் பலகாரமும் கொண்டுவந்து தருவார்கள், நான் தீபாவளிக்கு முறுக்கு கொடுப்பேன், அதற்கு மேல் பேசியதில்லை. பணியாரத்தோடு போனேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கவே இல்லை, அந்த அம்மா குளியலறைக் கதவைத் திறந்து காட்டி, புதுச் சவர்க்காரம் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துப் பெண்கள் மூவரும் அங்கே குளித்தார்கள். ஆண்கள் இங்கே. தண்ணீர் கேஸில்தான் சுட்டது, வயர்மன் அண்ணைக்குக் கோடி நன்றி, கரண்ட் ஒரு தரம் கூடப் போகவில்லை. அரப்பும் எண்ணெயுமாகத் தரை வழுக்கியதுதான் பயமாக இருந்தது, ஒவ்வொருவர் குளித்து வந்ததும் சாம்பல் பவுடரைப் போட்டுத் தேய்த்தேன்.

சோபாவை அறைக்குள் நிமிர்த்தி வைத்தோம். மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டில் பலகையின் மேல் சோறு கறி எல்லாம். ஹாலில் இரண்டு வட்டம். முதல் பந்தி சைவக்காரரும் பிள்ளைகளும், பதினொரு பேர். கொழும்பு 10 தம்பி சொன்னபடி நடுவில் வைத்ததால் யாரும் ஓடவில்லை. மாமி சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து வடையைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார், அப்படி அவரை நான் பார்த்ததில்லை, தெஹிவளை வீட்டில் அவர் எப்போதும் குசினி வாசலில்தான் நிற்பார்.

அடுத்ததுதான் கதை. இரண்டாம் பந்தியில் எல்லாரும் சேர்ந்து இருக்கலாம் என்றுதான் திட்டம். அந்த நேரம் பார்த்துக் கீழே காரை எடுக்கச் சொல்லி யாரோ ஹோர்ன் அடித்தார்கள், அத்தானும் என் கணவரும் கணவரின் தம்பியும் இன்னும் ஒருவரும் இறங்கிப் போனார்கள். காரை மரைன் டிரைவ் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது, கடைத் தாழ்வாரத்தில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். நாங்கள் பத்து நிமிஷம் பார்த்தோம். சின்ன மச்சாள்தான் "சோறு ஆறுது, இருங்கோ" என்று முதலில் உட்கார்ந்தார். சட்டியில் நல்ல துண்டு எல்லாம் இருந்தது. அப்பளம் நொறுங்கியது. ஈரலை யாருக்கும் எடுத்து வைக்காமல் நாங்களே சாப்பிட்டோம்.

அவர்கள் நனைந்து வந்தபோது மணி இரண்டே முக்கால். நாலு பேருக்கும் இலை போட்டோம். என் கணவர் அகப்பையால் சட்டியை இரண்டு தரம் கிளறிப் பார்த்துவிட்டு, "என்ன, எலும்பும் குழம்பும்தானா மிச்சம்?" என்று கேட்டார். ஹாலில் இருந்த பெண்கள் ஒருவரும் பேசவில்லை. மாமிதான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை, எதிர்வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்து பார்த்தார். கடைசிப் பந்தி அக்கா, அந்த இடத்தில் உங்களைத்தான் நினைத்தேன்.

சரியாக வராததையும் சொல்ல வேண்டும். அரிசிப் பைக்குள் யாரும் செருப்புப் போடவில்லை. சொதி போதவில்லை. பால்கனியில் பெடியன்கள் மத்தாப்புக் கொளுத்திக் கொடியில் காய்ந்த துவாய் ஒன்று போனது. படுக்க இடமில்லாமல் நானும் சின்ன மச்சாளும் குசினியில் பாய் போட்டுப் படுத்தோம், கால் ஹாலில், தலை அடுப்புக்குக் கீழே. விடியும்வரை கதைத்தோம், அது வேறு விஷயம்.

அடுத்த வருஷம் கணவரின் தம்பி வீடு, அது ஒரு அறைதான். இப்போதே முகம் வெளிறிப் போயிருக்கிறார்.

கொழும்பு 13

நல்லது தங்கச்சி. இந்தக் கிறிஸ்மஸுக்கு நான் நாலு மணிக்குச் சாப்பிடுவதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை.

தெஹிவளை அம்மம்மா

சந்தோஷம் பிள்ளை. என் பெரிய சட்டி எப்போது வரும்?

எப்பவும் கடைசிப் பந்தி

தங்கச்சி, எல்லாம் சரி. அந்தச் சட்டியை யார் கழுவினது?

மூன்றாம் மாடி

"நான் கழுவுகிறேன், நீ படு" என்று அவர்தான் சொன்னார் அக்கா. மூன்று நாளாக ஊறிக்கொண்டிருக்கிறது.